ராணி பேசிய இருபத்திரண்டு வரி

காலையில் மாத்திரை போட்டேனா இல்லையா என்று மருமகளைக் கேட்கிற நிலைமையில்தான் நானும் இருக்கிறேன். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடு முழுக்கத் தேடுகிறேன். உங்களுக்கும் இதே கதைதான், என்னிடம் மறைக்க வேண்டாம். ஆனால் பத்து வயதில் காதால் கேட்ட ஓர் ஆங்கில நாடகத்தில் ஒரு ராணி பேசுகிற இருபத்திரண்டு வரி மட்டும் ஒரு சொல் உதிராமல் அப்படியே இருக்கிறது. சொல்லிக் காட்டு என்று கேட்டுவிடாதீர்கள். எழுபது வருடமாக அதை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. இனிமேலும் சொல்லப்போவதில்லை.

நாடகத்தின் பெயரும் வேண்டாம். எங்கள் வீட்டில் அதற்கு ‘ராஜா புக்’ என்றுதான் பெயர். ஒரு ராஜா, ஒரு ராணி, ஆளாளுக்கு ஒரு வாள். கடைசிப் பக்கம் வரும்போது விளக்குப் பிடிக்கிறவனைத் தவிர ஒருத்தனும் உயிரோடு இருக்க மாட்டான். இதைப் போய்ப் பதினேழு வயதுப் பிள்ளைகளுக்குப் பரீட்சைக்கு வைத்தார்களே, அந்தச் சீமைக்காரர்களைச் சொல்ல வேண்டும்.

அப்போது மலாய் நாட்டில், பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். வரிசை வீடுகள், பின்னால் ஒரு முற்றம், முற்றத்து வேலிக்கு அந்தப் பக்கம் தண்டவாளம். வெள்ளை வேட்டியைக் காயப்போட்டால் எடுக்கும்போது கரிப்புள்ளி விழுந்திருக்கும். அப்பா ரயில்வே சரக்குக் கொட்டகையில் கிராணி, கணக்கெழுதுகிற குமாஸ்தா. துரைக்குக் கீழே பெரிய கிராணி, பெரிய கிராணிக்குக் கீழே அப்பா. ஆபீஸில் யாருக்கெல்லாம் பயந்தாரோ அந்தப் பயத்தை எல்லாம் சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டு வந்து எங்களுக்குப் பங்கு போட்டுக் கொடுப்பார். அவர் மேசையில் கறுப்பு உருட்டு ரூல்தடி ஒன்று இருந்தது. கோடு போடத்தான் வாங்கினார். அதனால் கோடு போட்டு நான் பார்த்ததில்லை.

அண்ணன் எனக்கு ஏழு வயது மூத்தவன். அந்த வருடக் கடைசியில் அவனுக்கு சீனியர் பரீட்சை. துரை ஒருநாள் அப்பாவிடம், பையன் பாஸாகட்டும், சர்ட்டிபிகேட்டோடு கூட்டி வா, ஆபீஸில் ஒரு நாற்காலி போடுகிறேன் என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எல்லாருக்கும் பரீட்சைதான். இங்கிலீஷில் தவறினால் மற்ற பாடத்தில் நூறு வாங்கினாலும் மொத்தமும் ஃபெயில். இங்கிலீஷ் என்றால் ராஜா புக். ராஜா புக் என்றால் மனப்பாடம்.

அண்ணனுக்கு மனப்பாடம் வராது. பாவம், அவன் என்ன செய்வான். படித்ததெல்லாம் ஓட்டைப் பானையில் ஊற்றின தண்ணீர் மாதிரி போய்விடும். அதனால் எனக்கு ஒரு வேலை கொடுக்கப்பட்டது. பழுப்புக் காகிதம் அட்டை போட்ட அந்தப் புத்தகத்தை நான் பிடித்துக்கொள்ள வேண்டும். அவன் கையைக் கட்டிக்கொண்டு ஒப்பிக்க வேண்டும். தப்பு விட்ட இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி. நான் கான்வென்டில் நாலாம் வகுப்பு. எழுத்துக்கூட்டிப் படிப்பேன், அர்த்தம் தெரியாது. ஆனால் நாலு தரம் கேட்டால் எனக்குப் பாடமாகிவிடும். அண்ணன் திக்கும்போது அடுத்த சொல் என் நாக்கு நுனியில் நிற்கும். சொல்லிவிட மாட்டேன். சொன்னால் அவனுக்கு வெட்கமாகப் போய்விடும் என்று எனக்கு அந்த வயதிலேயே தெரிந்திருந்தது.

இப்போது அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மா பேச்சில் எத்தனையோ சொற்களுக்கு இடமே கிடையாது. யாரும் எங்கள் வீட்டிலிருந்து ‘போறேன்’ என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. ‘போயிட்டு வரேன்’ என்று திருப்பிச் சொல்ல வைத்துத்தான் படியிறங்க விடுவாள். விளக்கை அணை என்று சொல்லக் கூடாது, அமர்த்து என்றுதான் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டு அக்காவுக்குத் தாலிக்கயிறு அறுந்தபோதுகூட ‘பெருகிடுச்சு’ என்றுதான் அம்மா சொன்னாள். விளக்கு வைக்கிற நேரத்தில் இன்னும் கண்டிப்பு. அந்த நேரத்தில் ஒரு தேவதை ‘ஆகட்டும், ஆகட்டும்’ என்று சொல்லிக்கொண்டே ஊருக்கு மேலே போகுமாம். அது நம் கூரைக்கு மேலே வரும்போது நாம் என்ன பேசிக்கொண்டிருக்கிறோமோ அது பலித்துவிடுமாம். ‘சனியனே’ என்று ஒருநாள் பூனையைத் திட்டினதற்கு என் வாயிலேயே ஒன்று போட்டாள்.

அவளுக்குக் காரணம் இருந்தது. எனக்குப் பிறகு இரண்டு பிள்ளைகள். ஒன்று பிறக்கும்போதே அழவில்லை. இன்னொன்று ஏழு நாள் இருந்தது. பால் டின் வந்த பலகைப் பெட்டி ஒன்றில் அதை வைத்து அப்பா தூக்கிக்கொண்டு போனதைக் கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். கூடத்து விட்டத்தில் தூளி கட்டுகிற இரும்புக் கொக்கி மட்டும் மிஞ்சியது. அதைக் கழற்றவும் அம்மா விடவில்லை. கழற்றினால் அது வேறொரு அர்த்தமாகிவிடும் அல்லவா?

அண்ணனுக்குப் பரீட்சை வந்த அந்த வருடம் அம்மா மறுபடியும் முழுகாமல் இருந்தாள்.

சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு அம்மா கூடத்துத் தூணில் சாய்ந்து உட்காருவாள். வயிற்றின் மேல் ஒரு கை இருக்கும். அந்த நேரம் பார்த்துத்தான் அண்ணன் ஒப்பிக்க வருவான். அம்மாவுக்கு இங்கிலீஷில் ‘யெஸ்’, ‘நோ’, ‘ஸ்டேஷன்’ மூன்றும்தான் தெரியும். ஆனாலும் மகன் பாராயணம் பண்ணுகிற மாதிரி ஏற்ற இறக்கத்தோடு சொல்வதைக் கேட்பதில் அவளுக்கு அப்படி ஒரு பெருமை. “எங்க புள்ள இங்கிலீஸ்ல சொல்றத கேட்டாலே உள்ள இருக்கிறது ஆடாம அசையாம கேக்குது” என்பாள். கொக்கிக்கு நேர் கீழே நின்றுதான் அண்ணன் ஒப்பிப்பான். வெளிச்சம் அங்கேதான் நன்றாக விழும்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு வாரத்தில் ராணியின் பகுதி வந்தது. இருபத்திரண்டு வரி. அண்ணன் ஏழு வரி தாண்ட மாட்டான், எட்டாவதில் தடுக்கி விழுவான். மறுபடி முதலிலிருந்து. ஒரு வாரம், பத்து நாள் இதேதான். காலையில் அவன் புத்தகத்தைப் பார்த்து முழுதும் உரக்கப் படிப்பான், அதைக் கேட்டே எனக்கு மூன்றாம் நாள் இருபத்திரண்டும் பாடம். கேட்க அழகாக இருந்தது, மழைச் சத்தத்தோடு சேர்ந்து.

அண்ணனுடைய பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் வாத்தியார் யாழ்ப்பாணத்துக்காரர். வரியை ஒப்பித்தால் அவருக்குப் போதாது. அண்ணன் அவரைப் போலவே பேசிக் காட்டுவான்: “சும்மா பாடமாக்கி என்ன பிரயோசனம் தம்பி? விளங்கிச் சொல்ல வேணும்!” அதனால் ஒவ்வொரு பகுதிக்கும் அர்த்தத்தை அண்ணன் தமிழில் ஒருதரம் தனக்குத்தானே சொல்லிப் பார்ப்பான். பின்முற்றத்தில் துவைகல்லில் உட்கார்ந்து ஒருநாள் நானே கேட்டேன்.

“அண்ணே, அந்த ராணி என்னதான் சொல்லுது, இவ்ளோ நேரமா?”

அவன் பல் குச்சியைக் கடித்துக்கொண்டு சாதாரணமாகச் சொன்னான். ராணியின் குழந்தை பிறந்ததும் செத்துவிட்டது. அவள் அதை மடியில் வைத்துக்கொண்டு பேசுகிறாள். இந்த வீட்டில் இனி தொட்டில் ஆடாது என்கிறாள். இந்தக் கூரைக்குக் கீழே இனி ஒரு பிள்ளை அழுகிற சத்தமும் கேட்காது, கேட்கவும் வேண்டாம் என்கிறாள். தன் வயிற்றைத் தானே சபிக்கிறாள். இப்படியே இருபத்திரண்டு வரி.

சொல்லிவிட்டு அவன் எழுந்து குளிக்கப் போய்விட்டான். பத்து நாள்! பத்து நாளாக விளக்கு வைத்த நேரத்தில், தூளிக் கொக்கிக்குக் கீழே நின்று, பிள்ளைத்தாய்ச்சியான அம்மா வயிற்றில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருக்க, அண்ணன் இதைத்தான் சொல்லியிருக்கிறான். புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு தப்பில்லாமல் சொல்லும்படி திருத்தியவள் நான்.

அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். மெதுவாகப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“ம்மா, அந்த ஆகட்டும் சொல்ற தேவதைக்கு இங்கிலீஸ் தெரியுமா?”

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “இதென்னடி கேள்வி? தேவதைக்குத் தெரியாத பாஷை ஏது? மலாய்க்காரன் பேசினாலும் கேக்கும், சீனன் பேசினாலும் கேக்கும். தொரை பேசினா மட்டும் காத பொத்திக்குமா?”

சிரிக்கத்தான் செய்கிறீர்கள். சிரியுங்கள். எனக்கு அன்றிரவு காய்ச்சல் வந்தது.

அம்மாவிடம் சொல்லலாமா? சொன்னால் கேட்ட மாத்திரத்தில் அவளுக்கு ஏதாவது ஆகிவிடும். அப்பாவிடம் சொன்னால் ரூல்தடி. அண்ணனிடம்தான் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சுக் கொடுத்தேன். அதை மட்டும் வீட்டுக்குள் சொல்லாதே, முற்றத்தில் போய்ச் சொல்லு, எஞ்சின் போகும்போது சொல்லு என்றேன். “ஏன், எஞ்சினுக்குப் பரீட்சையா?” என்று என் பின்னலை இழுத்தான். காரணம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் அதுவும் கூரைக்கு மேலே கேட்குமே. அவன் ஒப்பிக்க ஆரம்பித்ததும் இருமினேன், தண்ணீர் கேட்டேன், புத்தகத்தைக் கீழே போட்டேன். அம்மா தூங்கும்போது உப்பும் மிளகாயும் எடுத்து அவள் வயிற்றுக்கு நேரே மூன்று தரம் சுற்றி அடுப்பில் போட்டேன். மிளகாய் கமறிக் குவார்ட்டர்ஸே இருமியது. அப்பாவிடம் அதற்கும் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

எட்டாவது வரியை அண்ணன் தாண்டிய அன்றுதான் எனக்குப் பித்துப் பிடித்தது. பத்து வரி வந்தான். இனி நாலு நாளில் இருபத்திரண்டும் சொல்லிவிடுவான். முழுதாகச் சொன்னால் முழுதாகப் பலித்துவிடும் என்று எனக்குத் தோன்றியது. மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் புத்தகத்தை எடுத்தேன். முன்னும் பின்னுமாக அந்த வரிகள் அச்சான ஒரு தாளைத் தையலோடு ஒட்டிக் கிழித்தேன். தாள் கிழிகிற சத்தம் அவ்வளவு பெரிதாக இருக்கும் என்று நினைக்கவில்லை. அடுப்பில் போடப் பயம், வீட்டு நெருப்பில் அதை எரிக்கலாமா? பாவாடை மடிப்பில் சொருகிக்கொண்டு ஓடி, ஆற்றங்கரையில் ஒரு கல்லைச் சுற்றி எறிந்தேன். கல் போய்விட்டது. தாள் மட்டும் விரிந்து மேலே வந்து, கலங்கல் தண்ணீரில் மெதுவாகப் போனது.

ஞாயிற்றுக்கிழமைதோறும் அப்பாவே பரிசோதிப்பார். அவருக்குச் சொல் சரியாக இருந்தால் போதும், அர்த்தத்தோடு சண்டை கிடையாது. அந்த ஞாயிறு நாற்காலியில் உட்கார்ந்து, ரூல்தடியைத் தொடையில் உருட்டிக்கொண்டே பக்கம் புரட்டினார்.

“ராணி பேசுற எடம் எங்கடா?”

அண்ணன் வாங்கிப் பார்த்தான். திரும்பப் பார்த்தான். தையலோரம் மிஞ்சியிருந்த காகிதப் பிசிறை விரலால் தொட்டான். பிறகு தலையைத் திருப்பி, கதவோரம் நின்ற என்னைப் பார்த்தான். ஒரே ஒரு பார்வைதான்.

“எலி கடிச்சிருக்கும்பா” என்றான்.

“எலியா? மத்த பக்கம் எல்லாம் அப்படியே இருக்கு, உனக்கு வராத பக்கத்த மட்டும் தேடிக் கடிச்சிச்சா? எலிக்கு இங்கிலீஸ் படிக்கத் தெரியுமாடா?” அப்பா எழுந்துவிட்டார். “நெட்டுருப் போட ஒடம்பு வணங்கல, பக்கத்தையே கிழிச்சுட்ட. தொரைகிட்ட நான் என்ன சொல்லுவேன்? எலி கடிச்சிருச்சுன்னா?”

எத்தனை அடி என்று நான் எண்ணவில்லை. அண்ணன் கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை. அம்மா எழுந்து வர முடியாமல் உள்ளேயிருந்து “வேணாங்க, விளக்கு வெக்கிற நேரங்க” என்று கெஞ்சினாள். நான்தான் கிழித்தேன் என்று சொல்ல எனக்கு ஒரு நிமிடம் போதும். அந்த இருபத்திரண்டு வரியையும் அவனுக்கு எழுதிக் கொடுக்க அரை மணி போதும், எல்லாம் என் வாய்க்குள்தான் இருந்தது. இரண்டையும் நான் செய்யவில்லை. பயந்தாங்கொள்ளி நான், இதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

அதற்குப் பிறகு அண்ணன் என்னை ஒப்பிக்க வைக்கக் கூப்பிடவில்லை. திட்டவும் இல்லை. பள்ளிக்கூடம் விட்டதும் எங்கோ போய்விட்டு இருட்டுகிற நேரத்தில் வருவான். கூடப் படிக்கிற சீனப் பையனுடைய அப்பா மளிகைக் கடை வைத்திருந்தார், அங்கே போகிறான் என்று தெரியும். “ஊர் சுத்துறான்” என்றார் அப்பா. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அந்த வாரத்தில்தான் கிள்ளானிலிருந்து பெரியம்மா வந்தாள். பிள்ளைக்குப் பரீட்சை முடியட்டும், உடனே தங்கையைக் கிள்ளானுக்குக் கூட்டிக்கொண்டு போய் அங்கேயே பிரசவம் பார்க்கிறேன், இந்த வீடு ராசியில்லை என்றாள். எல்லாருக்கும் நிம்மதி. நான் மட்டும் கான்வென்டில் சிஸ்டரிடம் போய்க் கேட்டேன், நம்ம ஆறு எங்கே போகிறது என்று. கிள்ளான் வழியாகக் கடலுக்குப் போகிறது என்று வரைபடத்தில் விரலை வைத்துக் காட்டினாள். அம்மா போகிற ஊருக்கு அந்தத் தாளை நான் முன்கூட்டியே அனுப்பி வைத்திருக்கிறேன்! அன்று சோறு இறங்கவில்லை. பெரியம்மா வீட்டுப் படித்துறையில் போய் அது ஒட்டிக்கொண்டு காத்திருப்பது போலவே தெரிந்தது.

அம்மா கிள்ளானுக்குப் போகவே இல்லை. இங்கிலீஷ் பரீட்சையன்று விடியற்காலையிலேயே வலி கண்டுவிட்டது. எட்டாம் மாதம். ஏழில் பிறந்தாலும் பிழைக்கும், எட்டில் பிறந்தால் தங்காது என்று குவார்ட்டர்ஸ் பெண்கள் கொல்லைப்புறத்தில் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். மருத்துவச்சி வந்து அறைக் கதவைச் சாத்தினாள். அம்மா போட்ட சத்தத்தில் எஞ்சின் ஊதல்கூடக் காதில் விழவில்லை.

அண்ணன் பேனாவும் மைக்கூடும் எடுத்துக்கொண்டு நடுக்கூடத்தில் நின்றான். போவதா வேண்டாமா என்று அவனுக்குத் தெரியவில்லை. அப்பா கடிகாரத்தைப் பார்த்தார். “நீ இங்க நின்னு என்ன பண்ணப் போற? கெளம்பு.” அண்ணன் அறைக் கதவுக்குப் பக்கத்தில் போய், “அம்மா, போயிட்டு வரேன்மா” என்றான். உள்ளே சத்தம் ஒரு கணம் நின்றது. “நல்லா எழுதுப்பா” என்று அம்மா குரல் வந்தது. உடனே மறுபடியும் அலறல். அவன் முகத்தில் சொட்டு ரத்தமில்லை. நடந்து போகும்போது மைக்கூட்டின் மூடி கழன்று அவன் சட்டையெல்லாம் நீலமாகிவிட்டதை அவன் கவனிக்கவில்லை.

நான் கொக்கிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டேன். மனதுக்குள் ராணி பேசிக்கொண்டே இருந்தாள். காதைப் பொத்தினாலும் பேசினாள். நிறுத்து, நிறுத்து என்று தலையில் அடித்துக்கொண்டேன். பதினோரு மணி இருக்கும். உள்ளே திடீரென்று ஒரு சத்தமும் இல்லை. மருத்துவச்சி ஏதோ சொன்னாள். யாரோ வெந்நீர் கொண்டு ஓடினார்கள். குழந்தை அழவில்லை. எனக்கு அடுத்துப் பிறந்த பிள்ளையும் அப்படித்தானே அழாமல் இருந்தது? அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். அவர் முதுகு நடுங்கியது. அந்த முதுகை அன்றுதான் முதன்முறையாகப் பயமில்லாமல் பார்த்தேன்.

பட் பட்டென்று இரண்டு அடி விழுகிற சத்தம். பிறகு ஒரு கீச்சுக் குரல். பூனைக்குட்டி கத்துவது போல அவ்வளவுதான். ஆனால் நிற்கவே இல்லை.

“ஆம்பளப் புள்ள!” என்றாள் மருத்துவச்சி. “கையளவுதான் இருக்கான். ஆனா என்னமா கத்துறான் பாரு!”

மத்தியானம் அண்ணன் வந்தான். படலைத் திறக்காமல் வெளியிலேயே நின்றான். எங்கள் வீட்டைப் பார்க்கவே பயந்தவன் போலத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் ஓடிப் போய், “தம்பிண்ணே! தம்பி! அம்மாவும் நல்லா இருக்கு!” என்றேன். அப்படியே சாக்கடை ஓரத்துக் கல்லில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதான். சட்டை மையும் கண்ணீருமாக முகமெல்லாம் நீலமாகிவிட்டது.

சாயங்காலம் அப்பா கேள்வித்தாளை வாங்கிப் பார்த்தார். கட்டாயக் கேள்வி ஒன்று. ராணி பேசுகிற முதல் வரியைக் கொடுத்து, மீதியை எழுதி, எந்தச் சமயத்தில் சொன்னது, என்ன அர்த்தம் என்று விளக்கச் சொல்லியிருந்தது. அப்பாவின் விரல் அதன் மேல் நின்றது.

“எழுதினியா?”

“இல்லப்பா. விட்டுட்டேன்.”

பிள்ளை பிறந்த வீடு என்பதால் அப்பா கையை ஓங்கவில்லை. “கிழிச்ச பக்கமே வந்துச்சு பாத்தியா” என்று மட்டும் சொன்னார். நான் சமையல்கட்டுக்குப் போய்ப் பாத்திரத்துக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன்.

விடைத்தாள்களைக் கட்டி முத்திரை வைத்து, கிள்ளானுக்கு அந்தப் பக்கத் துறைமுகத்திலிருந்து கப்பலில் சீமைக்கு அனுப்புவார்கள். திருத்தி முடிவு வர மாதக்கணக்காகும். அந்த மாதங்களை நான் எப்படிக் கழித்தேன் என்று கேட்காதீர்கள். அந்தக் கப்பல் முழுகிவிடட்டும் என்று ஒருநாள் நினைத்துவிட்டேன். நினைத்தது விளக்கு வைத்த நேரம் என்று பிறகுதான் உறைத்தது. கப்பலில் இருக்கிறவர்களுக்காக ஒரு வாரம் பிள்ளையாரைச் சுற்றினேன்.

கப்பல் முழுகவில்லை. அண்ணன் ஃபெயிலானான். இங்கிலீஷ் மட்டும்தான் போயிற்று, அதோடு எல்லாமும் போயிற்று. துரையின் நாற்காலியில் வேறு யாரோ உட்கார்ந்தார்கள். “அர்த்தம் புரியாம நெட்டுருப் போட்டா இதான் கதி” என்று அப்பா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். அண்ணனைப் பெரியப்பாவோடு கிள்ளானுக்கு அனுப்பினார்கள். துறைமுகக் கிடங்கில் மூட்டை கணக்கெடுக்கிற வேலை. சின்ன டிரங்குப் பெட்டியோடு அவன் புறப்பட்டபோது தம்பி தூளியில் கிடந்தான். அண்ணன் குனிந்து அவன் உள்ளங்காலில் ஒரு விரலை வைத்துவிட்டு, “போயிட்டு வரேன்டா” என்றான். நான் படல்வரை போனேன். இப்போது சொல்லிவிடு, இப்போது சொல்லிவிடு என்று மனது அடித்துக்கொண்டது. சொல்லவில்லை. அப்பா சாகும்வரை சொல்லவில்லை.

பதினாறு பதினேழு வருடம் போனது. ஜப்பான்காரன் வந்தான், போனான். அப்பா போய்ச் சேர்ந்தார். எனக்குக் கல்யாணமாகி அதே பிரிக்ஃபீல்ட்ஸில் நாலு தெரு தள்ளிக் குடியிருந்தேன். எட்டாம் மாதத்தில் பிறந்த கையளவுப் பிள்ளை ஆறடி வளர்ந்து, அதே பள்ளிக்கூடத்தில், அதே சீனியர் பரீட்சைக்கு நின்றான். சுற்றிச் சுற்றி அதே ராஜா புக் வந்து சேர்ந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் கிள்ளானிலிருந்து வந்திருந்தான். நானும் அம்மா வீட்டில் இருந்தேன். சாயங்காலம் தம்பி கூடத்தில் நடந்துகொண்டே ஒப்பித்தான். ராணியின் வரிகள்! எனக்குக் கையிலிருந்த முறம் நழுவியது. எட்டாவது வரியில் அவனும் தடுக்கி நின்றான். பரம்பரைத் தடுக்கல் போலிருக்கிறது.

அண்ணன் சாய்வு நாற்காலியிலிருந்து எழுந்தான். “அம்மா வெளக்கு வெச்சாச்சா?” என்று என்னைக் கேட்டான். “இப்பத்தான்ணே வெச்சாங்க.” “அப்ப உள்ள வேணாம் லா. முத்தத்துக்கு வாடா” என்று, துறைமுகத்தில் தொற்றிக்கொண்ட ‘லா’வோடு சொல்லி, தம்பியைக் கூட்டிக்கொண்டு பின்னால் போனான். நானும் பின்னாலேயே போனேன். துவைகல் பக்கத்தில் நின்று, சரக்கு ரயில் ஒன்று தடதடத்து வரும்வரை காத்திருந்தான். பிறகு கையைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடிச் சொல்ல ஆரம்பித்தான்.

ஏழு. எட்டு. பத்து. பதினைந்து. நான் மனதுக்குள் கூடவே எண்ணிக்கொண்டு வந்தேன். இருபத்திரண்டாவது வரி முடிந்தபோது கடைசிப் பெட்டியும் போய்விட்டிருந்தது.

தம்பி புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினான். “ஒரு எழுத்துகூடத் தப்பில்லண்ணே!”

“எப்பண்ணே படிச்ச இத? பக்கந்தான்... பக்கந்தான் இல்லியே அப்ப?” அதற்கு மேல் சொல்ல முடியாமல் அழுதேன். “நாந்தான்ணே கிழிச்சேன்.”

“தெரியும் லா” என்றான், ஏதோ நேற்று நடந்தது போல. “நீ மொளகா சுத்தும்போதே தெரியும். அந்த சீனப் பையன் வீட்ல ஒக்காந்து அவன் புக்கப் பாத்து எழுதிக்கிட்டேன். பத்து நாளு. பரீட்சைக்கு முந்தின நாளே முழுசும் வந்துருச்சு.”

“அப்புறம் ஏண்ணே எழுதல? கட்டாயக் கேள்வியாச்சே!”

அண்ணன் துவைகல்லில் உட்கார்ந்து கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தான். “பேனாவ மைல தொட்டு எடுத்துட்டேன். தொட்டில் ஆடாதுன்னு எழுதணும். வீட்ல அம்மா அந்த நேரத்துல கத்திக்கிட்டு இருக்காங்க. கை எழுந்திரிக்கவே இல்ல. மை தாளுல சொட்டி சொட்டி... அந்தப் பக்கத்த அப்படியே வெறுமனே விட்டுட்டு வந்துட்டேன்.”

அப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தது என் நினைவுக்கு வந்தது. அர்த்தம் புரியாமல் நெட்டுருப் போட்டவன். அப்பா இருந்திருந்தால் அந்தக் கணமே அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து முற்றத்தில் நிறுத்தியிருப்பேன்.

“அது வெறும் நாடகம்ணே. நீ எழுதியிருந்தா பாஸாகியிருப்ப. நாற்காலி கெடச்சிருக்கும்.”

“கெடச்சிருக்கும்” என்றான் அண்ணன். கையை நீட்டித் தம்பியின் தலைமயிரைக் கலைத்தான். “இவன் கெடச்சிருப்பானா?”

தம்பி ஒன்றும் விளங்காமல், விரலைப் பக்கத்துக்கு நடுவில் வைத்தபடி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.